வைக்கோலில் பதுங்கிய பகைவனைப் பட்டினி போட்டவர்
(பேராசிரியர் எஸ். டி. காரெட் வாழ்வும் பணியும்)



நம் தாவரவியல் துறையில் பயிர் நோயியல் படித்த யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். இனாகுலம் பொட்டன்ஷியல், காம்பெடிட்டிவ் சாப்ரோஃபைட்டிக் எபிலிட்டி என்ற இரண்டு சொற்றொடர்களும் காதில் விழுந்ததுமே ஒரு பழைய பரீட்சை பயம் முகத்தில் வந்து போகும். ராத்திரி முழுக்க உருப்போட்டு, காலையில் விடைத்தாளில் கொட்டிவிட்டு வந்த சொற்கள் அவை. அந்தச் சொற்களை உருவாக்கி வளர்த்த மனிதர் யார், எந்தக் கவலையில் அவை பிறந்தன என்று அன்றைக்கு யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த மனிதர் பேராசிரியர் ஸ்டீபன் டெனிஸ் காரெட். நம் கல்லூரிக்காரர் இல்லை, தமிழரும் இல்லை. ஆனாலும் சென்னைத் தாவரவியல் மரபுக்கு அவரோடு ஒரு தொடர்பு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். அறுவடை முடிந்து வயலில் கிடக்கிற வைக்கோலையும் அடித்தாளையும் என்ன செய்வது என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில், ஒரு துண்டு வைக்கோலை வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்ததை நாம் மறுபடியும் ஒருமுறை படிப்பது நல்லது.

அடிலெய்டில் ஆரம்பம்

காரெட் 1906-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து முடித்து, 1929-ல் தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்திலுள்ள வெயிட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உதவிப் பயிர் நோயியலாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 22, 23 வயசுதான் இருக்கும். ஜெஃப்ரி சாமுவேல் என்ற மூத்த நோயியலாளருக்குக் கீழே வேலை.

அங்கே கோதுமை விவசாயிகளுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. டேக்-ஆல் என்று அதற்குப் பெயர். அத்தனையையும் வாரிக்கொண்டு போகிறது என்பதுதான் அர்த்தம். 1850-களிலேயே தென் ஆஸ்திரேலிய விவசாயிகள் வைத்த பெயர் அது. நம்ம ஊர் நெல் வயலில் குருத்துப்பூச்சி அடித்தால் வெண்கதிர் வருமே, பார்வைக்கு அதே மாதிரிதான். கதிர் வெளுத்து விறைப்பாக நிற்கும். கசக்கினால் உள்ளே மணி இருக்காது. ஆனால் காரணம் பூச்சி இல்லை. செடியைப் பிடுங்கினால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். வேரும் தண்டின் அடியும் கரி பூசினது போலக் கறுத்திருக்கும். வேருக்குள் புகுந்து நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிற ஒரு பூஞ்சையின் வேலை இது.

நாம் படித்த பழைய புத்தகங்களில் இதன் பெயர் ஒஃபியோபோலஸ் கிராமினிஸ். பிறகு கேமனோமைசஸ் கிராமினிஸ் ஆனது. 2016-க்குப் பிறகு கேமனோமைசஸ் டிரிடிசி என்கிறார்கள். பெயர்தான் மாறியது, குணம் மாறவில்லை.

இளைஞர் காரெட் முதலில் ஒரு எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார். லேசான, பொலபொலப்பான, சுண்ணாம்புத் தன்மையுள்ள நிலத்தில் மட்டும் நோய் ஏன் இப்படித் தாண்டவமாடுகிறது? வேரின் மேற்பரப்பை ஒட்டிப் படரும் பூஞ்சை இழைகள் எந்த மண்ணில் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று பொறுமையாக அளந்தார். வேரும் பூஞ்சையும் விடுகிற கரியமில வாயு தேங்கினால் இழையின் ஓட்டம் மட்டுப்படுகிறது, காற்றோட்டமான காரமண்ணில் அது தேங்குவதில்லை, அதனால் பகைவனுக்குப் பாதை திறந்திருக்கிறது என்று அவர் விளக்கம் சொன்னார். நோய் என்பது செடிக்கும் பூஞ்சைக்கும் நடுவில் மட்டும் நடக்கிற சண்டை அல்ல, மண்ணும் அதில் ஒரு கட்சிக்காரர் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு வேரூன்றியது.

ஒரு பயிருக்கும் மறு பயிருக்கும் நடுவில்

1933-ல் ஆஸ்திரேலியாவை விட்டுத் தாய்நாடு திரும்பிய காரெட், 1936-ல் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து 1948 வரை அங்கே இருந்தார். 1843-ல் தொடங்கிய நிலையம் அது. அதன் பிராட்பால்க் வயலில் அந்த வருஷம் விதைத்த கோதுமைப் பரிசோதனை இன்றுவரை நடந்துகொண்டே இருக்கிறது.

ரோதம்ஸ்டெட்டில் அவர் பிடித்துக்கொண்ட கேள்விதான் அவரைப் பெரிய மனிதராக்கியது. பயிர் இருக்கும்போது பூஞ்சை என்ன செய்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். பயிர் இல்லாதபோது அது எங்கே இருக்கிறது, எதைத் தின்கிறது, எத்தனை நாள் தாங்குகிறது என்று அவர் பார்த்தார். அறுவடை முடிந்துவிட்டது, அடுத்த விதைப்புக்குப் பல வாரங்கள் இருக்கின்றன. இந்த இடைவெளியைத் தாண்டினால்தான் பூஞ்சைக்கு அடுத்த போகம். டேக்-ஆல் பூஞ்சை தாண்டுவது எப்படி என்றால், தான் கொன்ற வேரிலும் அடித்தாளிலும் உள்ளேயே குடியிருந்துதான். மண்ணில் சுதந்திரமாக ஓடித் திரிந்து புதுச் சருகைப் பிடித்து வாழ்கிற சாமர்த்தியம் அதற்கு ரொம்பக் குறைவு. சொல்லப்போனா, அது பிடித்து வைத்த வீட்டைவிட்டு வெளியே வந்தால் பிழைக்கத் தெரியாத ஜாதி.

இந்த இடத்தில் கனடாவை ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். 1931-ல் ஆல்பர்ட்டாவில் சான்ஃபோர்டு, பிராட்ஃபுட் என்ற இருவர், மண்ணிலுள்ள பல பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் டேக்-ஆல் பூஞ்சையை அடக்கிவைக்கின்றன என்று காட்டியிருந்தார்கள். நுண்ணுயிரை நுண்ணுயிரால் அடக்கலாம் என்ற ஆசை உலகம் முழுக்கக் கிளம்பிய காலம் அது. நல்ல கிருமியை வளர்த்து வயலில் கொட்டினால் போதும் என்று பலர் நம்பினார்கள். காரெட் அந்த ஆசையைப் பழிக்கவில்லை. ஆனால் மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கான குடிகள் இருக்கும்போது, புதிதாகக் கொட்டியவனுக்கு அங்கே இடம் எப்படிக் கிடைக்கும் என்பது அவருடைய சந்தேகம். அதைவிட, இருக்கிற குடிகளையே நமக்குச் சாதகமாக வேலை செய்யவைக்க முடியுமா என்று யோசித்தார்.

டம்ளரும் வைக்கோலும்

அவருடைய பரிசோதனையைக் கேட்டால் இதுக்கா ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் என்று தோன்றும். கோதுமை வைக்கோலைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, டேக்-ஆல் பூஞ்சையை அதில் முழுக்க வளரவிடுவார். அந்தத் துண்டுகளைச் சாதாரண வயல் மண்ணில் புதைத்து வைப்பார். சில வாரம் கழித்துக் கொஞ்சம், இன்னும் சில வாரம் கழித்துக் கொஞ்சம் என்று வெளியே எடுப்பார். ஒவ்வொரு துண்டையும் ஒரு கோதுமை நாற்றின் வேர் தொடும்படி வைப்பார். வேர் கறுத்தால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது; கறுக்கவில்லை என்றால் செத்துவிட்டது. நூற்றுக்கு எத்தனை துண்டில் உயிர் மிச்சம் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நம்ம கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய காரியம்.

ஆனால் வந்த விடை யாரும் எதிர்பாராதது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவான மண்ணில் புதைத்த துண்டுகளில் பூஞ்சை சீக்கிரம் செத்தது. நைட்ரஜன் சேர்த்த மண்ணில் நீண்ட நாள் உயிரோடு இருந்தது.

காரணம் இதுதான். வைக்கோலில் செல்லுலோஸ் மலைபோல இருக்கிறது. நைட்ரஜன் மட்டும் சொற்பம், எடையில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. உள்ளே குடியிருக்கிற பூஞ்சை தொடர்ந்து புது இழை விட்டுக்கொண்டே போனால்தான் புது செல்லுலோஸைத் தொட முடியும். புது இழை கட்ட நைட்ரஜன் வேண்டும். அது இல்லையென்றால், களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் உலை வைக்க விறகில்லாத வீட்டுக் கதைதான். சுற்றிலும் சாப்பாடு, நடுவில் பட்டினி. சுற்றியிருக்கிற மண்ணுயிர்களும் அதே நைட்ரஜனுக்குப் போட்டி போடுவதால் பட்டினி இன்னும் முற்றும். பகைவனைக் கொல்ல விஷம் தேவையில்லை. அவன் பங்கு நைட்ரஜனை அண்டை வீட்டார் எடுத்துக்கொண்டாலே போதும்.

உரம் யாருக்கு, எப்போது?

அப்படியானால் நைட்ரஜன் உரமே போடக்கூடாதா என்று ஒரு விவசாயி கேட்பார். நியாயமான கேள்வி. பயிர் நிற்கும்போது போட்ட நைட்ரஜன், நோயால் வேர் போன செடிக்குப் புதுவேர் விட உதவுகிறது. நோயைத் தாங்கிக்கொள்ள வைக்கிறது. பயிர் இல்லாத இடைவெளியில் மண்ணில் மிஞ்சிக் கிடக்கிற நைட்ரஜனோ வைக்கோலுக்குள் இருக்கிற பூஞ்சைக்குச் சோறு போடுகிறது. ஒரே சத்து, ஒரு மாசம் நண்பன், மறு மாசம் எதிரி. எப்போது என்பதுதான் விஷயம்.

இதற்கு வயலிலேயே சாட்சி கிடைத்தது. தெற்கு இங்கிலாந்தில் சேம்பர்லேன் என்ற விவசாயி, அதே நிலத்தில் வருஷா வருஷம் பார்லி போட்டும் டேக்-ஆலால் பெரிதாக நஷ்டப்படாமல் இருந்தார். பார்லிக்குள்ளேயே ஒரு பயறு வகைத் தீவனச்செடியையும் இத்தாலிய ரை புல்லையும் ஊடே விதைத்துவிடுவார். பார்லி அறுத்த பிறகு அந்தப் புல்லும் செடியும் இலையுதிர் காலம் முழுக்க வளர்ந்து, மண்ணிலிருக்கிற நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். அடித்தாளில் இருக்கிற பூஞ்சை பட்டினி கிடக்கும். அடுத்த விதைப்புக்கு முன்னால் எல்லாவற்றையும் மடக்கி உழுதால், உறிஞ்சின நைட்ரஜன் மட்கி, சரியான நேரத்தில் புதுப் பார்லிக்குக் கிடைக்கும். 1947-ல் காரெட்டும் பட்டின் என்பவரும் இந்த முறையை ஆராய்ந்து, அது ஏன் பலிக்கிறது என்று விளக்கி எழுதினார்கள். விவசாயியின் கைப்பழக்கத்துக்கு விஞ்ஞானம் காரணம் சொன்ன அழகான இடம் இது. அதற்கு முன்பே, 1944-ல், வேர்நோய்ப் பூஞ்சைகள் பற்றிய அவருடைய முதல் புத்தகம் வந்திருந்தது.

சென்னைக்கு வந்த வைக்கோல்

இப்போது நம்ம தொடர்புக்கு வருகிறேன். காரெட் இருந்த அதே ரோதம்ஸ்டெட்டில் 1930-களின் கடைசியில் ஒரு தமிழ் இளைஞர் ஆராய்ச்சி செய்தார். அவர்தான் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்திப் புகழ்பெற்ற பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் அவர்கள். 1939-ல் வந்த அவருடைய கட்டுரையின் பொருள், மண்ணில் புதைத்த கோதுமை வைக்கோலைப் பூஞ்சைகள் எந்த வரிசையில் வந்து பிடிக்கின்றன என்பது. குறிப்பாக ஃப்யூசேரியம் கல்மோரம் என்ற நோய்ப் பூஞ்சை அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அது முன்வரிசைக்காரன் என்று தெரிந்தது. புது வைக்கோல் கிடைத்தால் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிப்போய் இடம்பிடிக்கிற ரகம். டேக்-ஆலுக்கு நேர்மாறு.

சதாசிவன் அவர்கள் சென்னை திரும்பிய பிறகு, மண்ணில் வாழும் ஃப்யூசேரியங்களையும் பருத்தி வாடல் நோயையும் ஆராயும் ஒரு பெரிய மாணவர் பரம்பரையை உருவாக்கினார். 1960-ல் பட்னாகர் பரிசும் 1974-ல் பத்ம பூஷணும் பெற்றார். 1963-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், மண்வழி நோய்களை உயிரியல் முறையில் அடக்குவது பற்றி ஒரு உலகக் கருத்தரங்கு நடந்தது. அதிலிருந்து வந்த தொகுப்பு நூலில் காரெட்டின் கட்டுரையும் இருக்கிறது, சதாசிவன் அவர்களின் கட்டுரையும் இருக்கிறது. துறையின் திருப்பம் என்று சொல்லப்படும் அந்த நூலில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு என்பது நமக்குப் பெருமை.

கேம்பிரிட்ஜ் ஆசான்

1949-ல் காரெட் கேம்பிரிட்ஜ் தாவரவியல் துறைக்கு ஆசிரியராக வந்தார். 1973-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். நாம் உருப்போட்ட சொற்களெல்லாம் இந்தக் காலத்தில்தான் முழு உருவம் பெற்றன.

காம்பெடிட்டிவ் சாப்ரோஃபைட்டிக் எபிலிட்டி அப்படின்னா என்ன? செத்த பொருளைப் பிடிக்கும் போட்டியில் ஒரு பூஞ்சை எவ்வளவு ஜெயிக்கும் என்கிற திறமை, அவ்வளவுதான். அதை அளக்கவும் அவர்கள் வைக்கோலைத்தான் நம்பினார்கள். ஒரு பூஞ்சையின் வளர்ப்பை வயல் மண்ணோடு பல விகிதத்தில் கலப்பார்கள். ஒன்றில் பூஞ்சை அதிகம், அடுத்ததில் மண் கொஞ்சம் கூட, அதற்கடுத்ததில் இன்னும் கூட. ஒவ்வொன்றிலும் சுத்தமான வைக்கோல் துண்டுகளைப் புதைத்து, எத்தனை துண்டைப் பூஞ்சை பிடித்தது என்று எண்ணுவார்கள். மண் கூடக்கூட டேக்-ஆல் பூஞ்சை சட்டென்று தோற்றுவிடும். ஃப்யூசேரியம் கல்மோரம் ரொம்ப தூரம் தாக்குப்பிடிக்கும். இனாகுலம் பொட்டன்ஷியல் என்பது, தாக்க வருகிற பூஞ்சைக்குச் செடியின் வாசலில் நிற்கும்போது கையில் எவ்வளவு வளர்ச்சிச் சக்தி மிச்சமிருக்கிறது என்பதற்கான பெயர்.

எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே சட்டம் என்று அவர் சாதிக்கவில்லை. நைட்ரஜன் சில பூஞ்சைகளின் ஆயுளை நீட்டுகிறது, சிலவற்றின் ஆயுளைக் குறைக்கிறது என்று தெரிந்தபோது, செல்லுலோஸைக் கரைக்கும் வேகத்தையும் இழை வளரும் வேகத்தையும் ஒப்பிட்டு அதற்கு ஒரு விளக்கம் தேடினார். 1956, 1963, 1970 என்று புத்தகங்கள் வந்தன. 1963-ல் வந்த மண் பூஞ்சைகளும் மண்வளமும் பற்றிய சிறு நூல் மாணவர்களுக்காகவே எழுதியது. 1967-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1989-ல் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற பாடம்

காரெட்டின் வாழ்க்கை வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், யார் முதலில் குடியேறுகிறார்களோ அவர்களுக்கே வைக்கோல் என்று சொல்லலாம். நோய்ப் பூஞ்சை முதலில் பிடித்துவிட்டால் பட்டினி போட்டு வெளியேற்று. இன்னும் பிடிக்கவில்லை என்றால் நல்லவனை முந்திக்கொள்ள விடு. அவருக்குப் பின் வந்த வெற்றிகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இதே கணக்குதான்.

புல் வேரில் வாழ்கிற, டேக்-ஆலுக்கு உறவான சாதுப் பூஞ்சை ஒன்று முந்திக்கொண்டு வேரைப் பிடித்தால் நோய் குறைகிறது. ஒரே நிலத்தில் விடாமல் கோதுமை போட்டால் நோய் சில வருஷம் ஏறி, பிறகு தானாக இறங்குகிறது. வேரில் பெருகி பூஞ்சையை அடக்கும் பொருளைச் சுரக்கிற சூடோமோனாஸ் பாக்டீரியாக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கண்டார்கள். கனடாவில் க்ளோனோஸ்டாகிஸ் ரோசியா என்ற பூஞ்சையை வயலில் மிஞ்சிய தாளின் மேல் தெளித்து, கோதுமைக் கதிர்க்கருகல் பூஞ்சை அங்கே வித்து உண்டாக்குவதைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்ம கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலக்கச் சொல்வதிலும் அந்த நியாயம் இருக்கிறது. வயல் முழுக்கக் கொட்டுவதைவிட விதை மேலேயே பூசினால், பிறக்கிற வேரை நல்லவன் முதலில் பிடித்துக்கொள்வான் இல்லையா?

தீ வைக்கும் விஷயத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1993 முதல் வயலில் தாள் எரிக்கத் தடை இருக்கிறது. நம் நாட்டில் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் பஞ்சாப், ஹரியானா பக்கம் எரிக்கக்கூடாது என்றது. அப்புறமும் புகை நிற்கவில்லை. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க அந்த விவசாயிக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது. அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். 2020-ல் டெல்லி பூசா நிலையம் வெளியிட்ட மட்கவைக்கும் பூஞ்சைக் கலவையும் இந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. நோயை எரித்துவிட்டோம் என்று நினைத்து யாராவது தீ வைத்தால், டேக்-ஆல் போன்ற நோய் மண்ணுக்குக் கீழே வேரிலும் அடித்தண்டிலும் பத்திரமாக இருக்கிறது என்பதைக் காரெட்டின் துண்டுகள் சொல்லும். மேலே எரிவது, நல்ல பூஞ்சைகள் குடியேறியிருக்க வேண்டிய வீடு.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. டேக்-ஆலை முழுக்கத் தாங்கும் கோதுமை ரகம் இன்னும் விவசாயி கைக்கு வரவில்லை. ஒரு வருஷம் வேறு பயிர் போட்டு மாற்றுவதுதான் இன்றைக்கும் நம்பகமான வைத்தியம். ஒரு வருஷம் ஏன் போதும் என்பதற்கான விடையையும் அந்த வைக்கோல் துண்டுகளே தந்தன. புட்டியில் அடைத்து விற்கிற மாதிரி எதையும் காரெட் விட்டுச் செல்லவில்லை. பொறுத்திருந்து எண்ணிப் பார்க்கிற ஒரு முறையை விட்டுச் சென்றார்.

நம் கல்லூரியில் இன்று படிக்கும் தம்பி தங்கைகளில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பெரிய கருவி இல்லையே என்று தயங்க வேண்டாம். நம் பக்கத்து நெல் வயலில் அறுவடைக்குப் பின் மிஞ்சும் தாளில் எந்தப் பூஞ்சை முதலில் வருகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று ஒரு போகம் எண்ணிப் பாருங்கள். டம்ளர் இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது.